காலிக் கூடு

மார்லிஸுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். அந்த வருஷம் அவள் வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்க்கலாம்.

எல்லாம் வாய்க்கால் தண்ணீரால் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் வெண்டல் க்ரூப், தன் முறை இல்லாத நாட்களில் மதகைத் தூக்கித் தண்ணீரைத் தன் புல்வெளிக்குத் திருப்பிக்கொண்டே இருந்தான். கேட்டால் பல்லைக் காட்டினான். மார்லிஸின் புருஷன் ஆரின் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் காலையில் மண் அள்ளும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய் அந்த இரும்பு மதகைச் சப்பட்டையாக நசுக்கிவிட்டு, வந்து காலை உணவு சாப்பிட்டான். தண்ணீர் திருடியவனுக்கு அபராதம். மதகை நசுக்கியவனுக்குப் பெருங்குற்றம். மொன்டானாவில் நியாயம் இப்படித்தான் விளைகிறது. சிறைக்குப் பதிலாக வீட்டிலேயே கண்காணிப்பில் இருக்கட்டும் என்று நீதிபதி பெரிய மனசு பண்ணினார். வரும் வசந்தம் வரை ஒரு தப்பும் நடக்கக்கூடாது. நடந்தால் ஆரின் உள்ளே போக வேண்டியதுதான்.

அவன் இருக்கும் வீட்டில் துப்பாக்கி கூடாது, தோட்டா கூடாது என்பது நிபந்தனை. மார்லிஸின் சொந்தத் துப்பாக்கி, அவள் அப்பா வேட்டைக்குக் கொண்டுபோனது, டவுனில் இருக்கும் தம்பி கேலன் வீட்டுக்குப் போய்விட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இலையுதிர் காலம் வந்துவிட்டது, ஃப்ரீசர் காலியாகிக்கொண்டிருந்தது, ஒரு எல்க் மான் விழுந்தால்தான் குளிர்காலத்துக்குக் கறி. அந்தப் பழைய துப்பாக்கிக்கான தோட்டாவோ எந்தக் கடையிலும் இல்லை. இத்தனை வருஷமும் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளையே திரும்ப எடுத்து, அடியில் பொறி கிளப்பும் புது பிரைமர் குத்தி, வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்திக் கொடுத்தவன் ஆரின். இப்போது அவன் கையைக் கட்டியாகிவிட்டது. ஆகவே அவளே கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

கண்காணிப்பு அதிகாரி ப்ரூயட் அம்மாள் சோதனைக்கு வந்தபோது மார்லிஸ் நேராகவே கேட்டாள்.

"தோட்டா கட்டற பிரஸ்ஸைத் துணி துவைக்கிற ரூம்ல வெச்சுக்கலாமா?"

"பிரஸ் வெறும் இரும்பு. தாராளமா வெச்சுக்கோங்க. மருந்து, பிரைமர், குண்டு, கூடு, இதுல ஒண்ணுகூட வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"கூடுன்னா? சுட்டு முடிச்ச காலிக் கூடா?"

"காலிக் கூடுதான். சட்டத்துல அதுக்கும் தோட்டான்னுதான் பேரு."

"அதால ஒரு ஈயைக்கூடச் சாகடிக்க முடியாதே மேடம். முட்டை ஓடு கையில இருந்தா கோழி திருடினவன்னு அர்த்தமா?"

"கோழிக்குச் சட்டம் வேற," என்றாள் ப்ரூயட். சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மார்லிஸ் சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் எடுத்துக் கழுவினாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெண்டல் க்ரூப் தீவனக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, தன் வீட்டில் கட்டிய தோட்டாக்களைக் காப்பி டப்பாவில் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். ஊரே வாங்கியது.

"அவன் விக்கலாமாய்யா?" என்று ஆரினிடம் கேட்டாள்.

"அவனவன் சுடறதுக்குக் கட்டிக்கலாம். காசுக்கு விக்கணும்னா அரசாங்க லைசென்ஸ் வேணும்."

"அவன்கிட்ட இருக்கா?"

"அவன் வண்டிக்கே லைசென்ஸ் இருக்கான்னு தெரியாது."

பிரஸ் கேலனின் கொட்டகைக்குப் போனது. அந்தக் கூரையின் கீழ் ஆரின் கால் வைக்கக்கூடாது என்று மார்லிஸ் சட்டத்துக்கு மேல் ஒரு சட்டம் போட்டாள். ஆனால் அவன் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அவன் தெருவில் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வான். அவள் உள்ளேயிருந்து கத்துவாள். அக்கம்பக்கத்தார் இவர்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

"மேஜை மேல எத்தனை மருந்து டப்பா இருக்கு?"

"ஒண்ணுதான்."

"நல்லா பாரு."

"யோவ், எனக்குக் கண்ணு இருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கேலன் தன் கைத்துப்பாக்கிக்கு வைத்திருந்த மருந்து டப்பா, அதே உயரம், அதே கறுப்பு, ஓரமாக நின்றுகொண்டிருந்தது. மேஜையில் ஒரே டப்பா என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி. வேகமாக எரியும் அந்தக் கைத்துப்பாக்கி மருந்து தவறிப்போய் இந்தக் கூட்டுக்குள் விழுந்திருந்தால், துப்பாக்கி அவள் முகத்திலேயே வெடித்திருக்கும். அவள் சத்தமில்லாமல் அதைக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினாள்.

"என்ன பேச்சைக் காணோம்?" வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. அடுத்தது சொல்லு."

"புத்தகத்துல போட்டிருக்கற அளவுல, குறைஞ்சதுல ஆரம்பி. ஒவ்வொண்ணையும் தராசுல போடு. அவசரப்படாதே."

"உன்னை மாதிரி எந்திரத்தை எடுத்துக்கிட்டு ஓடறவளா நானு?"

வண்டிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வருஷம் அவன் சிரித்ததே குறைவு.

சனிக்கிழமை ஊருக்கு வெளியே சரளைக் குழியில் சுட்டுப் பார்த்தாள். இலக்குக் காகிதத்தில் விழுந்த மூன்று ஓட்டைகளையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம். ஆரின் தூரத்தில் சாலையோரமே நின்றான். சுட்ட கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கட்டி, துப்பாக்கியோடு கேலன் கிளம்பிப் போன பிறகுதான் ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்தான். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"முதல் தடவை நான் கட்டினது பலகையிலயே படல," என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

மறுநாள் துணி துவைக்கும் எந்திரம் சுற்றத் தொடங்கியதும் கேட்டது. கிணிங். ஒரு சுற்று. கிணிங்.

நிறுத்திக் கையை விட்டாள். ஆரினின் ஜீன்ஸ் பைக்குள், ஈரமாக, ஒரு பித்தளைக் கூடு.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. முப்பது வருஷமாகச் சுடுமிடத்தில் பித்தளை மின்னினால் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டவன். தோட்டா கட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். சர்ச்சுக்குப் போகும் வழியில் கிடந்தாலும் விடமாட்டார்கள். அவனுக்குப் பொறுக்கியதுகூடத் தெரிந்திருக்காது.

"ஆரின்," என்றாள்.

அவன் வந்தான், அவள் உள்ளங்கையைப் பார்த்தான், வெளுத்துப்போனான். அதே நேரம் வெளியே சரளையில் கார் ஏறும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. ப்ரூயட் கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தாள். மார்லிஸ் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவ்வளவு மோசமாக மறைக்கத் தெரியாதவள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

"காட்டுங்க," என்றாள் ப்ரூயட்.

"இது என்னுது. என் பையில இருந்துச்சு."

"எந்திரத்துல கிடக்கறது ஆம்பளை ஜீன்ஸ்."

"கன்னுக்குட்டிக்குத் தீனி வெக்க நான்தான் அதைப் போட்டுக்கறேன்."

"இல்ல," என்றான் ஆரின். "நான்தான் பொறுக்கினேன். எனக்கே தெரியாம பொறுக்கிட்டேன். அவ மேல போடாதீங்க."

"வாயை மூடுய்யா," என்றாள் மார்லிஸ். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா. பொய் சொல்லத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி.

ப்ரூயட் கூட்டை வாங்கினாள். அடிப்பாகத்தைத் திருப்பி எழுத்தைப் படித்தாள். வெளிச்சத்தில் தூக்கி உள்ளே ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தைக் கூட்டின் கழுத்தில் மெதுவாக ஓட்டி, விரிசல் இருக்கிறதா என்று தடவினாள். மார்லிஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக்கு வந்த அதிகாரி செய்கிற வேலை இல்லை அது. தோட்டா கட்டுகிறவள் செய்கிற வேலை.

"நீங்களும் கட்டறீங்க," என்றாள்.

"இந்த அளவுக் கூடு கிடைக்கறதே இல்ல," என்று முணுமுணுத்தாள் ப்ரூயட். கை தானாகவே இறங்கி, கூட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டது. போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மூவரும் அந்தப் பையைப் பார்த்தார்கள்.

அப்புறம் ப்ரூயட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "நான் பார்த்த வரைக்கும் இந்த வீட்டுல தோட்டா எதுவும் இல்ல. அடுத்த தடவை இருந்தா, நான் இப்படி இருக்க மாட்டேன்." கூட்டைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டாள்.

ஆரின் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். "நல்ல பொம்பளை," என்றான்.

"நல்லவளா?" மார்லிஸ் எந்திரத்திலிருந்து ஈர ஜீன்ஸை உருவி எடுத்தாள். "அதே கூடு. அதே குனிஞ்சு பொறுக்கற புத்தி. அவ பையில கிடந்தா பித்தளை, உன் பையில கிடந்தா ஜெயில். இதுக்கு நான் நன்றி வேற சொல்லணுமா?"

பாத்திரம் கழுவ அவள் போகவில்லை. தையல் பெட்டியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். சேணம் தைக்கும் முரட்டு நூலைக் கோத்து, ஈர ஜீன்ஸின் பைகளை ஒவ்வொன்றாகத் தைத்து மூடினாள். பிறகு அலமாரியில் இருந்த அத்தனை கால்சட்டைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாவியை எங்க வெச்சுக்கறது?" என்று கேட்டான் ஆரின்.

"வாயில."

வசந்தம் வரை அந்தப் பைகள் திறக்கவில்லை. தீவனக்கடை வாசலில், வெண்டல் க்ரூப்பின் காப்பி டப்பாவுக்கு முன்னால், இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் நின்றதை ஊரே பார்த்தது.