கொரியாக்காரனுக்கு வாங்கின அடாப்டர்

சாலமோன் தன் சாப்பாட்டு டப்பாவைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கத் தொடங்கியபோதே பிரின்சிக்குப் பொறி தட்டிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் காலை நீட்டிப் படுப்பதோடு சரி. அப்படிப்பட்டவன் டப்பா கழுவுகிறான், மகள் ஜெபாவுக்குத் தலை பின்னிவிடுகிறான், போன் வந்தால் மட்டும் மாடிப்படி ஏறிப் போய்ப் பேசுகிறான். புருஷன் திடீரென்று நல்லவனானால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது?

முதலில் அவள் நினைத்தது வேறு. கம்பெனி கேன்டீனில் எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று அவன் சட்டையை மோந்து பார்த்தாள். மிஷின் ஆயில் வாடைதான் அடித்தது. பர்ஸைத் துழாவினாள். வெள்ளைப் பின்னணியில் புதிதாக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. ஒருத்திக்குக் கொடுக்கிற போட்டோவில் எவனும் இப்படிச் சுவரை முறைப்பதுபோல் முறைக்க மாட்டான். அந்தச் சந்தேகத்தை விட்டாள். விட்ட இடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் குளிக்கப் போனபோது கம்பெனிப் பையைக் கொட்டிப் பார்த்தாள். அடியில், அழுக்குக் கர்ச்சீப்பில் சுற்றி, கைக்குள் அடங்குகிற வெள்ளை அடாப்டர் ஒன்று. ஒரு பக்கம் நம்மூர் சார்ஜர் நுழைகிற ஓட்டை. மறுபக்கம் பட்டையாக, தடிமனாக மூன்று பின்.

அந்தப் பட்டைப் பின்னை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜெபா கைக்குழந்தையாக இருந்தபோது சாலமோன் குவைத்துக்குப் போனான். கொண்டுபோன சார்ஜர் அங்கே சுவரில் நுழையவில்லை. பக்கத்துக் கட்டில்காரனிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, போன் செத்துப்போய், ரூமில் கிடந்தான். இங்கே பிரின்சி, பிளேன் விழுந்துவிட்டதோ, ஏஜென்ட் பாலைவனத்தில் விட்டுவிட்டானோ என்று அழுது புரண்டு, வேளாங்கண்ணி மாதாவுக்குத் தன் முடியை நேர்ந்துகொண்டாள். நேர்ந்த மறுநாள் அவனிடமிருந்து போன் வந்தது. "சாக்கெட்டு வேறமே, அதான்" என்றான். ஒரு சார்ஜர் ஓட்டையில் நுழையாத குற்றத்துக்காக, இடுப்பு வரை இருந்த முடியை மொட்டையடித்துவிட்டு வந்தாள் அவள். அதுகூடப் போகட்டும். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தவனைப் பார்த்து ஜெபா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்குத்தான் அவன் உடைந்துபோய், கூழோ கஞ்சியோ இனிமேல் இங்கேதான் என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

குளித்துவிட்டு வந்தவன் முன்னால் அடாப்டரை நீட்டினாள்.

"இன்னாயா இது?"

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது.

"அதுவா? கம்பெனிக்கு கொரியாக்காரன் ஒருத்தன் வந்துகிறான், மிஷின் மாட்ட. அவன் சார்ஜரு நம்ம சாக்கெட்ல போவலயாம். வாங்கியாரச் சொன்னான்."

"கொரியாக்காரனுக்கா?"

"ஆமா. ரொம்ப பேஜாராப் பூட்சி அவனுக்கு, பாவம்."

சொல்லிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டான். பொய் சொன்னால் அவன் மூக்குக்கு எப்போதும் அரிக்கும். பிரின்சி அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொரியாக்காரன் இங்கே வந்து நம் சுவரில் செருக வேண்டுமென்றால், பின் அல்லவா நம்மூர்ப் பின்னாக இருக்க வேண்டும்? இது தலைகீழாக இருந்தது. நம்மூர் சார்ஜரை உள்ளே வாங்கிக்கொண்டு வெளிநாட்டுச் சுவரில் போய் உட்காருகிற சாமான். ஆளைப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷம் வரவில்லை அவளுக்கு. தான் நினைப்பது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள்.

"என் போன்ல சார்ஜே இல்ல. இதுல சொருவிக் குடு, பாக்கலாம்."

சாலமோன் வாங்கிக்கொண்டான். டிவி பக்கத்துச் சுவர் சாக்கெட்டில் வைத்து அழுத்தினான். உருண்டை ஓட்டைகள் மேல் பட்டைப் பின்கள் முட்டிக்கொண்டு நின்றன. திருப்பி வைத்து அழுத்தினான். நுழையாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அழுத்துவதை நிறுத்தினால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"எப்ப போற?" என்று கேட்டாள்.

அவன் சுவரைப் பார்த்தபடியே பேசினான். "அடுத்த மாசம். குவைத்துதான். இங்க எங்கள மாதிரி கான்ட்ராக்ட் ஆளுங்கள வேலைய வுட்டு தூக்கறானுங்க பிரின்சி. புது மிஷின் வந்தா எங்க லைனுக்கு ஆளே வாணாமாம். ஊட்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்ண சொல்ற?"

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஏஜென்ட்டுக்குத் தெரியும். அப்பறம், பஜார்ல எலக்ட்ரிகல் கட வச்சிகிறாரே ஆதிகேசவன், அவருக்கு. எந்த ஊருக்குன்னு கேட்டாரு, சொன்னாதான் குடுக்க முடியும்னாரு."

கும்மிடிப்பூண்டி பஜாரில் பல்பு விற்கிறவருக்குத் தெரிந்த விஷயம் பெண்டாட்டிக்குத் தெரியவில்லை.

அவன் மெல்லத் திரும்பினான். "போன தடவ மாதிரி நீ பயந்துக்கக் கூடாதுன்னுதான்மே, துணி எடுக்கறதுக்கு முன்னாடியே இத வாங்குனேன். போய் எறங்குன அன்னிக்கே உன்கிட்ட பேசிடணும்னு."

இந்த முறை மூக்கைத் தொடவில்லை. அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கோபத்துக்கு நடுவிலேயே அவன்மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்து தொலைத்தது. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

"அங்க போய் பேசறதுக்கு இவ்ளோ ஏற்பாடு பண்ணிகிற" என்றாள். "இத்தினி நாளா பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தியே. அப்ப பேசறதுக்கு உனக்கு இன்னா வேண்டியிருந்திச்சி?"

சாலமோன் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பி, அடாப்டரைச் சாக்கெட்டில் வைத்து அழுத்தினான்.