பவுணின் இரட்டைச் சுழி

கல்யாணம் முடிந்து முப்பத்தெட்டாம் நாள் என் மனைவி விதுர்ஷா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். முந்திய முப்பத்தேழு நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. களுவாஞ்சிக்குடியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிற கடையில் எனக்கு வேலை. பிரேக் வயர் கேட்டு வந்தவருக்குச் சிரித்துக்கொண்டே பக்கக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்கே, பழுகாமத்துக்கு, குடிபோனவன் நான். காலையில் வேலைக்குப் புறப்படும்போது விது கை காட்டுவாள். நான் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவேன். இரண்டு தரம் வேலியில் மோதியிருக்கிறேன். அதற்காகவெல்லாம் வருத்தப்பட எனக்கு நேரமிருக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள், திங்கட்கிழமை, அவள் கிணற்றடியில் நின்று கை காட்டினாள். நான் வேலிப் படலையைத் திறந்தேன், மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன், திரும்பிப் பார்த்தேன், கை காட்டினேன், பல்லை இளித்துக்கொண்டு போய்விட்டேன். படலையைச் சாத்த வேண்டும் என்பது மட்டும் மூளையில் ஏறவில்லை. திறந்த படலையால் பவுண் வெளியே போய்விட்டது.

பவுண் ஓர் எருமை நாகு, இன்னும் கன்று ஈனாத இளம் பெட்டை. பிறந்த மூன்றாம் நாளே தாய் செத்துப்போக, விது போத்தலில் பால் கொடுத்து இரண்டு வருடமாக வளர்த்தாள். சூடு வைத்துக் குறி போட்டுவிடு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு நோகும் என்று அவள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். ஆகவே இன்னார் வீட்டு மாடு என்று சொல்லப் பவுணின் தோலில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

அன்று பின்னேரம் நான் வந்தபோது விது அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். புத்தியுள்ளவன் என்றால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பான். நான் ஆறுதல் சொன்னேன்.

"ஒரு நாகுதானே விது, வேறொண்டு வாங்குவம்."

அதோடு முடிந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. கறி அடுப்பில் இருக்கிறது என்பதைச் சுவருக்குச் சொன்னாள். நாளைக்கு மழை வரும்போல என்பதைக் கோழிக்குச் சொன்னாள். அந்தக் கோழி மேல் எனக்கு வந்த பொறாமையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பவுணைக் கொண்டுவந்து கட்டும்வரை இவள் வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் விழாது என்பது விளங்கிவிட்டது.

புதன்கிழமை பவுண் அகப்பட்டது. அறுவடை முடிந்த வட்டை வயலில் நல்லரத்தினம் என்பவருடைய எருமைகள் நெல் தாள் மேய்ந்துகொண்டிருந்தன. நாற்பதுக்கு மேலே இருக்கும். வரம்பில் ஏறி நின்ற விது அந்தக் கூட்டத்துக்குள் பவுணைக் கண்டுவிட்டாள். எனக்கு நாற்பதும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சேற்றில் புரண்டு எழும்பிய எருமைக்குச் சொந்தமாக ஒரு முகம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விது தவிட்டுப் பையை ஆட்டிக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஐந்து நாகுகள் ஓடி வந்தன.

"அப்ப அஞ்சும் உங்கட நாகோ புள்ள?" என்றார் நல்லரத்தினம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மேய்ச்சலில் ஈன்று மேய்ச்சலில் வளர்ந்த நாகுகள் எத்தனை என்று அவருக்கே சரியான கணக்கில்லை. வெள்ளிக்கிழமை விடிய எல்லாவற்றுக்கும் குறி வைத்துவிட்டு மந்தையை மேற்கே சாய்த்துக்கொண்டு போக இருந்தார். பவுணின் நெற்றியில் இரட்டைச் சுழி உண்டு, ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றும் என்று விது சொன்னாள். அவர் குனிந்து சேற்றைத் துடைத்துப் பார்த்தார். இருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்கிற மாட்டைப் பார்த்துவிட்டு யாரும் அதைச் சொல்லலாமே என்றார். அது முன்பே எங்கள் வீட்டு வளவில் நின்றதற்கு அத்தாட்சி கேட்டார்.

விது தன் போனைக் காட்டினாள். சேலையோடு பவுணின் கழுத்தைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். அவளுடைய அண்ணன் மதுஷன் கட்டாரிலிருந்து லீவில் வந்து நின்றபோது எடுத்து, சதுரமாக வெட்டி வட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டது. இவள் அந்த ஸ்டேட்டசை ஸ்கிரீன்சொட் எடுத்து வைத்திருந்தாள். நல்லரத்தினம் போனை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். நான் விரலால் நெற்றியைப் பெரிதாக்கிக் காட்டினேன். சுழி இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது.

"இதுல மாடு எது, சேறு எது?" என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. பிறகு சொன்னார்: "போன நம்ப ஏலா தம்பி. நேத்து இதுக்குள்ள ஒரு பூன பாட்டுப் பாடினது. கடதாசில கொண்டாங்க, சுழி தெரியவேணும். வெள்ளிக்கிழம விடியக்குள்ள நான் சூடு வைக்கிற."

வியாழன் காலையில் லீவு போட்டுவிட்டுக் காத்தான்குடிக்கு ஓடினேன். அங்கே பாறூக் அண்ணனின், அவர்கள் வழக்கில் பாறூக் நானாவின், ஸ்டூடியோ இருக்கிறது. இந்தக் கரையில் பாதிக் கல்யாண அல்பங்கள் அவர் கை பட்டவைதான். விது அந்தப் படத்தை ஒரு வார்த்தைகூட இல்லாமல் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நானா அதைக் கணினியில் போட்டுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

ஸ்டேட்டசில் போட்டபோது ஒரு தரம் சுருங்கியது, ஸ்கிரீன்சொட் எடுத்தபோது இன்னொரு தரம், எனக்கு அனுப்பியபோது மூன்றாம் தரம் என்று எண்ணிக் காட்டினார். ஒரே தேயிலையில் மூன்று தரம் தேத்தண்ணி ஊற்றிய மாதிரி என்றார். எனக்கு விளங்க வேண்டும் என்று சின்னதாக ஒன்றைக் கடதாசியில் அடித்தும் கொடுத்தார். பவுணின் நெற்றி புதிதாகச் சாந்து பூசிய சுவர் போல் இருந்தது. எடுத்த போனிலிருந்து படம் நேராக வர வேண்டும், வேறு வழியே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

எடுத்த போன் டோஹாவில் ஒரு ஹோட்டல் குசினியில் மதுஷனின் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பேசினேன். வெங்காயம் வதங்குகிற சத்தத்துக்கு நடுவே அவன் தேடினான். எட்டாயிரம் படங்களுக்குள் தேடினான். கண்டுபிடித்ததாகக் கத்தினான். அனுப்பினான். அதுவும் சுருங்கித்தான் வந்தது. பாறூக் நானா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மகன், போட்டோவா அனுப்பாதீங்க. டொகியூமன்டா அனுப்புங்க. வெட்டாம, ஒண்டும் செய்யாம, இருக்கிற மாதிரியே."

போன் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அதோடு சேர்ந்து கடைக்குள் சுற்றினேன். படம் இறங்கியதும் நானா நெற்றியைப் பெரிதாக்கினார். ஐயோ, அந்தச் சுழி. மேலே ஒன்று, கீழே ஒன்று, மயிர் மயிராக, ஒன்று வலப் பக்கம், ஒன்று இடப் பக்கம். நான் திரையை முத்தமிடப் போய், நானா தோளைப் பிடித்து இழுத்ததால் நின்றேன். மினுங்குகிற கடதாசி வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும், மினுக்கமில்லாத கடதாசியில் இரண்டடிக்கு அடிக்கிறேன், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். மேசையில் ஒரு வெள்ளை எருமை கிடந்தது.

தேங்காய்ப்பால் நிறம். விதுவும் தேங்காய்ப்பால் நிறம். பவுணின் மூக்கில் இருந்த ஈக்களைக் காணவில்லை, முகத்தில் ஒரு சுருக்கத்தைக் காணவில்லை, நெற்றி வாழையிலை போல வழுவழுவென்று இருந்தது. கல்யாணப் பெண்ணாக நிறுத்தியிருந்தால் பவுணை அன்றைக்கே யாராவது கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். சுழி இரண்டையும் கணினி தழும்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது.

நானாவும் அப்போதுதான் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"முப்பது வருசம் தம்பி. ஆர் வந்தாலும் வெளுக்க வைக்கிறதுதான் வேல. கை தன்ட பாட்டுல போயிட்டு."

கறுப்பைக் கறுப்பாகவே அடித்துத் தாருங்கள் என்று கெஞ்சினேன். இந்தக் கடையில் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு முதலில் வந்தது, எனக்கு அடுத்ததாக வந்தது. இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இரண்டாம் தரம் அவர் ஒரு பொத்தானையும் தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இயந்திரத்தை அதன் பாட்டில் அடிக்க விட்டார். கறுப்புப் பவுண் வந்தது. நான் நெற்றியை மட்டும் பார்த்தேன். நானா முழுப் படத்தையும் ஆற அமரப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டினார். தானும் வருவதாகச் சொன்னார்.

விது மத்தியானத்திலிருந்தே வட்டையில் பவுணுக்குக் காவல் நிற்கிறாள் என்பதை அவள் டோஹாவுக்குச் சொல்லி, மதுஷன் எனக்குச் சொன்னான். நானாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக அங்கேயே ஓட்டினேன். சுருட்டினால் மை உதிரும் என்று அவர் இரண்டடிப் படத்தை விரித்தே பிடித்துக்கொண்டு வந்தார். பட்டிருப்புப் பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று படத்தைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நானா யா அல்லாஹ் என்றார், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். ஓர் எருமை பாலத்துக்கு மேலே பறந்து வந்தால் பார்க்காமல் என்ன செய்வார்கள்.

நல்லரத்தினம் படத்தை என் சைக்கிளில் சாய்த்து வைக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டார். பவுணைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, கடவுச்சீட்டுப் பார்க்கிற அதிகாரி போலப் படத்தையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். மேல் சுழியில் விரலை வைத்தார். கீழ்ச் சுழியில் வைத்தார். சுற்றுகிற பக்கம் சரியா என்று விரலால் சுற்றிப் பார்த்தார். பவுண் தன் படத்தை நக்கப் போக, நானா குறுக்கே பாய்ந்து தடுத்தார்.

"நாகு உங்கடதான் புள்ள. கொண்டு போங்க," என்றார்.

விது பவுணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், சேறெல்லாம் கன்னத்தில் அப்பிக்கொண்டது. எனக்கு வட்டை முழுவதும் ஓட வேண்டும் போல் இருந்தது. ஆனால் நல்லரத்தினம் படத்தை விட்டு நகரவில்லை. அவருடைய விரல் மெதுவாக வலப்பக்க மூலைக்குப் போனது.

"இதுல நிக்கிறது ஆர்?"

மதுஷன் சதுரமாக வெட்டி எறிந்த பக்கம் அது. அங்கே மாட்டுக்கொட்டிலின் தூணடியில் புதுச் சேட்டு போட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். நான்தான். நாங்கள் பெண்பார்க்கப் போன அன்றைக்குப் பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, வளவைப் பார்த்துவிட்டு வா என்று என்னைத் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே அனுப்பியிருந்தார்கள். படத்தில் அந்தக் கோப்பை சரிந்து, தேத்தண்ணி என் புதுச் சேட்டில் ஊற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. வாயைத் திறந்துகொண்டு விதுவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"மாட்டப் பாக்கத்தான் கடதாசி கேட்டன்," என்றார் நல்லரத்தினம். "இந்தத் தம்பி மாட்டப் பாக்கல்லயே. தேத்தண்ணி சுட்டதும் தெரியல்ல போல."

அன்றைக்கு அம்மா கேட்டபோது நாகு முட்டிக் கோப்பை சரிந்தது என்று சொல்லிவைத்திருந்தேன். விதுவிடம் எதுவுமே சொல்லவில்லை. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது ஓம் என்றேன். அதற்குப் பிறகு கை காட்டியதும் பல்லை இளித்ததும் தவிர, அவள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது அது இரண்டடிக் கடதாசியில் மூன்று பேருக்கும் ஓர் எருமைக்கும் முன்னால் சாய்ந்து நின்றது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

விது வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். குந்தினாள். மூலைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். எழும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பாறூக் நானாவிடம் திரும்பினாள்.

"நானா, நாகை வெட்டிப்போட்டு இந்த மூலைய மட்டும் பெரிசா அடிச்சுத் தர ஏலுமா?"

நானாவுக்குத் தொழில்தான் முக்கியம். "போன் மாட்டுட முகத்தத்தான் தெளிவாப் புடிச்சிரிக்கு மகள். மூலையப் பெரிசாக்கினாக் கலங்கும்."

"கலங்கினாலும் பரவால்ல," என்றாள். "ஆரெண்டு எனக்குத் தெரியும்தானே."

பிறகு பவுணின் கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"இஞ்சேருங்க, புடிங்க. வீட்ட போவம்."

மூன்று நாளைக்குப் பிறகு எனக்கென்றே வந்த சொல். கயிற்றை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நடக்கத் தொடங்கினேன். வீட்டுக்கு வழி எது என்று எனக்குத் தெரியவில்லை. பவுணுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.