பெஞ்சுத் திறப்பும் சிவப்புக் கோடும்

பெருமதிப்பிற்குரிய டவுன்ஷிப் வட்டத்து மக்களே! குக்கரை அணைத்துவிட்டு, டிவியின் வாயை அடைத்துவிட்டுக் கவனியுங்கள். நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் மாண்புமிகு செங்குட்டுவன் அவர்கள், ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சு ஒன்றை நாட்டுக்கு அர்ப்பணிக்கிறார்.

அர்ப்பணித்தார். பெஞ்சை மறைத்த திரையின் கயிற்றை இழுத்தார், திரை அசையவில்லை. மூன்றாம் இழுப்பில் திரை, கம்பு, சாமந்திச் சரம் எல்லாம் தலைவரின் தலைக்கே வந்து சேர்ந்தன. கூட்டத்தில் ஒரு சிரிப்பு. ஒன்றே ஒன்று.

தனகோட்டி ஓடிப்போய்த் தலைவரின் தலையிலிருந்து திரையை எடுத்தார். வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து பூங்காவைப் பெருக்குகிற காண்ட்ராக்ட் தொழிலாளி அவர். கயிறு கட்டியது அவர்தான். சிரித்தது தலைவரின் மனைவி.

ஆனால் செங்குட்டுவனுக்கு விசாரிக்கிற பழக்கம் கிடையாது. முதலில் தண்டனை, நேரமிருந்தால் குற்றம். புகழ்ந்தவனை மறுநாளே மறப்பார், சிரித்தவனைச் சாகும்வரை மறக்கமாட்டார். தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பிராங்க்ளினிடம், "வெளக்கு எரியுது, உன் கண்ணுதான் அவிஞ்சி போச்சு" என்றவர்.

அதைக்கூடப் பொறுக்கலாம். பட்டியல்தான் பயம். ஆண்டுதோறும் வேலை புதுப்பிக்கும் சமயத்தில், யாரை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஒப்பந்தக்காரரின் ஆபீசுக்கு அனுப்புவார். வேண்டாதவர் பெயர்மேல் சிவப்புக் கோடு. போன வருடம் தன் பெயரில் கோடு விழுந்ததைக் கேள்விப்பட்ட சக தொழிலாளி பாவாடை, ஆபீஸ் பக்கமே போகாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"ஏன்டா, சிரிச்சிகினா நிக்கற?" என்றார் தலைவர், தனகோட்டியிடம்.

"இல்லீங்க ஐயா. எனக்கு மூஞ்சியே அப்டித்தாங்க."

"அப்ப அந்த மூஞ்சி இங்க வேணாம்."

அர்ப்பணிக்கப்பட்ட பெஞ்சிலேயே உட்கார்ந்து, இந்த வருடப் பட்டியலில் தனகோட்டியின் பெயர்மேல் கோடு போட்டார். கவரை ஒட்டித் தனகோட்டியின் கையிலேயே கொடுத்தார். "நாளைக்கி நீயே ஆபீசுல சேத்துடு. நான் போன் பண்ணிக் கேப்பேன்."

மறுநாள் வழியெல்லாம் கவர் சட்டைப்பைக்குள் நெஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தது. கால்வாயில் போட்டுவிடலாமா? போன் பண்ணுவாரே. பிளஸ் டூ படிக்கும் மகளிடம் என்ன சொல்வது? இரண்டு முறை சைக்கிளை நிறுத்தினார். இரண்டு முறையும் கவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் மிதித்தார்.

ஒப்பந்தக்காரரின் ஆபீசில் கிளார்க் சத்யா மட்டும் இருந்தாள். "என்னண்ணே, மூஞ்சி செத்துக் கெடக்குது?"

கவரை நீட்டினார்.

"வந்துடுச்சா? நல்ல வேளை." அவள் குனிந்து, மேசைக்காலுக்கு அடியிலிருந்து நைந்த பழைய கவர் ஒன்றை உருவினாள். புதியதை நான்காக மடித்து அங்கே செருகினாள். "போன வருஷத்துது நஞ்சி போச்சு. மேசை ஆடிகினே இருந்துது."

"அம்மா, உள்ள பேருங்க இருக்குதும்மா..."

"யாரு பேரு? நாங்க யாரும் பிரிச்சதே இல்லண்ணே. இந்தாங்க, இந்த வருஷ வேலைக்கு உங்க புது பாஸ். கையெழுத்து போடுங்க."

தனகோட்டி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பாவாடை?"

"அவரு பாஸை வாங்கவே வரலியே. இன்னும் ட்ராயர்லதான் கெடக்குது."

தனகோட்டி கையெழுத்துப் போட்டார். கை ஆடியது. மேசை ஆடவில்லை.