வெள்ளை ஹெல்மெட்

கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடித் தளம் இடிந்து விழுந்து நாலு பேர் செத்தார்கள். கொஞ்ச நேரத்தில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் இரும்புக் கம்பிகளோடு உள்ளே புகுந்தார்கள்.

"வெள்ளை ஹெல்மெட் போட்ட இன்ஜினியர் ஒருத்தனையும் விடாதே!"

என் தலையிலும் வெள்ளைதான். ஆனால் நான் கம்பெனி ஜீப் டிரைவர். எங்கே தேடியும் இன்ஜினியர் கிடைக்கவில்லை என்று, பார்வையிட வருகிறவர்களை ஏமாற்ற மேனேஜர் எங்கள் தலைகளில் வெள்ளையை மாட்டிவிட்டான். கான்கிரீட் இறுகும் முன்பே தளத்தைத் தாங்கிய முட்டுக் கம்புகளைப் பிரிக்கச் சொன்னதும் அந்த நாய்தான். இப்போது பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான்.

முதல் அடியில் என் முழங்கை உடைந்தது. அடுத்தது வாயில் விழுந்தது. பல்லோடு ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

"அண்ணே, நான் டிரைவர்ண்ணே! வெறும் டிரைவர்!"

ஓங்கிய கம்பி அப்படியே நின்றது. "இவனை யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமனார் வந்தார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. இந்த ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்துத்தான் அவர் பெண் கொடுத்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று மகனையும் இங்கேயே கம்பி கட்டும் வேலைக்கு அனுப்பினார். அவர் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது. அது என் மச்சானுடையது.

"மாமா, சொல்லுங்க மாமா!"

அவர் என்னையே பார்த்தார்.

"என் பொண்ணை நான் இன்ஜினியருக்குத்தான் கட்டிக் கொடுத்தேன்."

கம்பி இறங்கியது.