நோட்டரியின் ஷூ

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஜெர்மன்காரர்கள் பெல்ஜியத்தைப் பிடித்து மூன்றாண்டு கழிந்த 1943 அக்டோபரில், எங்கள் வார்சேல் கிராமத்துக்கு வானத்திலிருந்தே ஒரு கௌரவம் இறங்கியது. ஜெர்மன்காரர்கள் சுட்டு வீழ்த்திய பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலிருந்து டகல் என்ற ஸ்காட்லாந்துக்காரன் பாராசூட்டில் குதித்து, பீட்ரூட் வயலில் விழுந்தான். ரொட்டிக்கடை ஃபிர்மான் அவனை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

கௌரவம் வீடு மாறிப் போய்விட்டது என்பது என் முதலாளி நோட்டரி லாம்பியோத்தின் கருத்து. நான் அவருடைய குமாஸ்தா. அன்றிலிருந்து ஃபிர்மான் கடை ரொட்டி அவர் தொண்டையில் இறங்கவில்லை.

"ஊர்ல பத்து அறை வீடு யாருக்கு இருக்கு? எனக்கு! அவனைப் போயி மாவு மூட்டைக்குப் பின்னாடி வைக்கிறதா?" என்று பொருமியபடி என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"ஒரே ஒரு நாள் எங்கிட்ட விடு, ஃபிர்மான்."

"விடலாம் ஐயா. ஆனா உங்க வாய் எங்க தங்கும்?"

"என்னய்யா சொன்னே?"

"கோவிச்சுக்காதீங்க. போன வருசம் ஜெர்மன்காரனுக்குத் தெரியாம நீங்க ஒளிச்சு வளர்த்த பன்னி, பக்கத்து ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சே."

டகலைப் பார்த்ததும் நோட்டரியின் எரிச்சல் இரட்டிப்பானது. ஃபிர்மானின் மனைவி ஸெலி தன் கணவனின் கல்யாணக் கோட்டை அவனுக்குப் போட்டு, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காலில் மட்டும் ஒன்றுமில்லை. குதித்தபோதே ஒரு பூட்ஸ் காற்றோடு போய்விட்டது. ஃபிர்மானின் ஷூ அந்தப் பெரிய பாதத்தில் நுழையவில்லை.

"என் அண்ணனோட கட்டை ஷூ இருக்கு. வியாழக்கிழமை ரயிலேத்தி இவனை ஊரைவிட்டு அனுப்பறோம், அதுக்கு அது போதும்" என்றான் ஃபிர்மான்.

நோட்டரியின் முகம் மலர்ந்தது. "ஊரிலேயே பெரிய பாதம் எனக்குத்தான்!"

போருக்கு முன் பிரஸ்ஸல்ஸில் தைத்த தோல் ஷூவை அவரே மெருகேற்றி எடுத்துவந்தார். உள்ளே தங்க எழுத்தில் அவர் பெயரும் பட்டமும் பளபளத்தன. ஃபிர்மான் வேண்டாமென்றான். "நீ கோட்டு கொடுத்தியே, நான் ஷூ கொடுக்கக் கூடாதா?" என்று அவர் கெஞ்சினார். ஸெலிக்குப் பாவமாகிவிட்டது; ஷூவை வாங்கி டகலின் காலில் மாட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை, தன் ஷூ புறப்படுவதைக் காண நோட்டரி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். தோல் கிடைக்காத காலம். பிளாட்பாரம் முழுக்க மர அடி ஷூக்கள் டக்டக்கென்று தாளம் போட்டன. ஒருவன் மட்டும் பூனைபோல் சத்தமில்லாமல் நடந்தான்.

ஜெர்மன் போலீஸ்காரன் குனிந்து பார்த்தான். டகலிடம் இருந்தது செவிட்டு ஊமை என்ற போலி அட்டை. போலீஸ்காரன் ஷூவைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, உள்ளே எழுதியிருந்ததை உரக்கப் படித்தான்.

நோட்டரி மார்பை நிமிர்த்தி முன்னே போனார். "நான்தான் லாம்பியோத்! பெருமையோட ஒத்துக்கிறேன், நான்தான் இவனுக்கு…"

போலீஸ்காரன் குறுக்கிட்டான். "கள்ளச் சந்தைத் தோலா?"

நாடகத்தின் மிகப் பெரிய வசனம் நோட்டரியின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவர் வீரர், டகல் பிணம். ஃபிர்மான் தூரத்தில் வெளிறிப்போய் நின்றான். அவனைப் பார்த்தார், டகலைப் பார்த்தார்.

"ஆமாங்க. கள்ளத் தோல்தான். இந்த ஊமைக்கு ஒண்ணும் தெரியாது. வெளியூர்ல விக்கிறதுக்காக நான்தான் இவன் கால்ல மாட்டி அனுப்பினேன்."

டகல் வெறும் காலுறையோடு ரயிலேறினான். நோட்டரிக்கு மூன்று மாதச் சிறை. அவர் வாழ்க்கையில் வாயை அடக்கியது அந்த ஒரு தடவைதான். அதற்கு ஊர் வைத்த பெயர், தோல் திருடன்.

போர் முடிந்ததும் நினைவுப் பலகையில் ஃபிர்மான் பெயரைப் பொறித்தார்கள். டகலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஃபிர்மானுக்கு. ரொட்டிக்கும் கோட்டுக்கும் இரண்டு பக்கம் நன்றி எழுதியிருந்தான். நோட்டரி அதைக் கடன் வாங்கிவந்து, தன்னைப் பற்றி என்ன இருக்கிறதென்று என்னைப் படிக்கச் சொன்னார்.

ஒரு வரி இருந்தது. அந்த ஷூ காலைக் கடித்ததாம்.