வாளித்தலையனின் கதவு

வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு மூளை தேவையில்லை என்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். போனில் யார் என்ன கேட்டாலும் பதில் எதிரே திரையில் வரும். அதை அப்படியே வாசிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த அவள் ஒருமுறை ஒரு பெரியவரிடம், "அந்தச் சிவப்பு பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க ஐயா" என்று சொந்தமாகச் சொல்லிவிட்டாள். ஹீட்டர் வேலை செய்தது, பெரியவர் வாயார வாழ்த்தினார். சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு, "திரையில இல்லாததை நீங்க ஏம்மா பேசறீங்க?" என்று கேட்டாள். அன்றோடு அவள் பேசுவதை விட்டாள். வாசிக்க மட்டும் செய்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தொண்டை வறண்டிருக்கும், ஹெட்செட் அழுத்திய காது வலிக்கும். மூளை மட்டும் காலையில் எடுத்துப் போன மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வரும். அதைக் கொஞ்சம் பிரித்து உதறத்தான் அவளுக்கு டிவியில் ஆடும் அந்த கேம்.

ஒரு சின்ன உருவம், தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு அறை அறையாகத் தாவித் தாவிப் போகும். அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு புதிர். அவள் அதற்கு வாளித்தலையன் என்று பேர் வைத்திருந்தாள். அவனுக்குக் கத்தி கிடையாது, எதிரி கிடையாது, ஒரு வரி வசனம் கிடையாது. வாசிக்க எதுவுமே இல்லாத கேம் என்பதாலேயே அவளுக்கு அதைப் பிடித்துப்போனது.

அவள் கணவனுக்கு இதெல்லாம் ஆகாது. அவன், ஒரு வீரனாக மாறிச் சண்டை போட்டுப் புள்ளி சேர்த்து லெவல் ஏறுகிற ரோல் பிளே கேம் ஆள். பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டு, விடுப்பில் வீட்டில் கிடந்தான். கிடந்தான் என்று சொன்னால் கோபம் வரும். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்து, காலையிலிருந்து ராஜ்ஜியங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

"உலகம் அழியப் போகுதுன்னு முதல் காட்சியிலயே சொல்லிட்டாங்க. நீ இன்னும் எவளோ ஒருத்தியோட ஆட்டுக்குட்டியைத் தேடிட்டிருக்க" என்பாள் அவள்.

"ஆடு கிடைச்சா புள்ளி ஏறும்."

"பை நிறைய மருந்து சேர்த்து வச்சிருக்கியே, ஒண்ணையாவது குடிச்சியா?"

"கடைசிச் சண்டைக்கு வேணும்."

"போன கேம்ல கடைசிச் சண்டையே முடிஞ்சு போச்சு, அப்பவும் பை நிறைஞ்சேதான் இருந்துச்சு, மூட்டை."

மூட்டை என்பது அவள் வைத்த பேர். அவன் அவளை மேடம் என்பான்.

அவனுக்கும் அவள் கேமைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. "முதல் அறையில எவ்வளவு உயரம் குதிச்சானோ, இப்பவும் அதே உயரம்தான் குதிக்கிறான். பாவம், ஒரு லெவல்கூட ஏறலை. என் கேம்ல அப்படி இல்ல மேடம். புத்தி வேணாம், தெறமை வேணாம், உட்கார்ந்து உழைச்சா போதும், ஏறிடலாம். இந்த நியாயம் வெளியில எங்க இருக்கு சொல்லு?"

கிடங்கில் இத்தனை வருஷம் உழைத்தும் ஒரு படி ஏறாதவன் இப்படிச் சொல்லும்போது அவளுக்கு மறுத்துப் பேச வாய் வராது. "அவன் ஏற மாட்டான். நான் ஏறுவேன்" என்று மட்டும் சொல்வாள்.

கல்யாணமான புதிதில் அவளும் அவனுடைய கேம் ஒன்றை ஆடிப் பார்த்தாள். ஒரு பாம்பைக் கொல்ல முடியாமல் சலித்து வைத்துவிட்டாள். அடுத்த தடவை உட்கார்ந்தபோது அவளுடைய வீராங்கனை ஊரிலேயே பெரிய ஆளாகியிருந்தாள். அவள் இல்லாத நேரமெல்லாம் அவன் உட்கார்ந்து ஏற்றிவைத்திருந்தான். வாயைத் திறந்து ஆசையாக நாலு வார்த்தை சொல்லத் தெரியாதவன். அவனுக்குத் தெரிந்த ஆசை அது.

இப்போது அவள் ஒரு கதவில் வாரக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு பலகை. அதன்மேல் கனம் இருந்தால் கதவு திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். கனத்துக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. கதவோ உயரத்தில் இருந்தது, ஏறிப் போகவும் அதே பெட்டிதான் வேண்டும். மூலையில் ஒரு குழாய் சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைத் தள்ளாத இடமில்லை, குதிக்காத சுவரில்லை.

"வீடியோ இருக்கும். பார்த்துச் சொல்லட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம்."

அவன் அதை, விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டிக்குச் சொல்கிற வேணாம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் வேலையில் ஒரு அம்மா போனில் வந்தாள். ஹீட்டர் ஒழுகுகிறதாம். "கீழ வாளி வச்சிருக்கேம்மா. நிறைஞ்சு போச்சு. என்னால நகர்த்தக்கூட முடியலை, அவ்வளவு கனம்."

அவள் வாசிப்பை நிறுத்தினாள். வாளி. குழாய். கனம். நிறைந்த வாளி பலகைமேல் இருந்தால், பெட்டி ஏறிப்போக மிஞ்சும். அந்த வாளி முதல் அறையிலிருந்து வாளித்தலையன் தலையிலேயே இருந்திருக்கிறது, இவள் அதைத் தொப்பி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அவள் வாசித்தாள். குரல் சிரித்துவிட்டது. அந்த அம்மா என்ன நினைத்தாளோ.

மிச்சப் பொழுதெல்லாம் அந்த விடையை அவள் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி, "என்ன, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த கணவனுக்கு முகமெல்லாம் பல். "கண்ணை மூடிக்கோ மேடம்" என்று தன் இடுப்பைப் பிடித்தபடி அவளை டிவி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

அவள் பார்த்தே இராத ஓர் அறை. நடுவில் வாளித்தலையன் நின்றான். தலையில் வாளி இல்லை.

"திறந்துட்டேன். எத்தனை நாளா முட்டிட்டிருந்த. இன்னைக்காவது நிம்மதியா அடுத்ததுக்குப் போ."

அது தானாகவே சேமித்துக்கொள்கிற கேம். கடந்த அறைக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அது அவனுக்கும் தெரியும். வேண்டுமென்று யார் திரும்பிப் போவார்கள் என்று நினைத்திருப்பான்.

"எப்படித் திறந்த?"

"வீடியோல ஏதோ வாளியைக் கழட்டி... தண்ணி பிடிச்சு... நிறுத்தி நிறுத்திப் பார்த்து அப்படியே செஞ்சேன்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமையலறையில் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, அங்கிருந்தே சொன்னாள். "மத்தியானம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாளி. நானே கண்டுபிடிச்சேன். சாயங்காலம்வரைக்கும் அதை வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"தெரிஞ்சு போச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றான் அவன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அவள் படுக்கப் போய்விட்டாள். அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது. நாள் முழுக்க அடுத்தவன் எழுதியதை வாசிக்கிறவளுக்கு இருந்தது ஒரே ஒரு கதவு.

அதற்குப் பிறகு அவள் கண்ட்ரோலரைத் தொடவில்லை. சில நாள் கழித்து வேலையிலிருந்து வந்தபோது டிவியில் முதல் அறை ஓடிக்கொண்டிருந்தது. அவன் தன் பேரில் புதிதாகக் கணக்குத் தொடங்கியிருந்தான். ராஜ்ஜியம், ஆட்டுக்குட்டி எல்லாம் அம்போவென்று கிடந்தன.

"உன் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடறேன். வாளியைத் தொட மாட்டேன்."

"வீடியோ பார்த்தா?"

"இல்ல. போனை உள்ள வச்சிருக்கேன்."

அவன் மகா மோசமாக ஆடினான். குழந்தைகூடக் கடந்துவிடும் மூன்றாவது அறையில் மாட்டிக்கொண்டு ஏணியையே சுற்றிச் சுற்றி வந்தான். ஏணியைச் சாய்த்தால் பாலம். அவ்வளவுதான் விஷயம். தன் முதுகைத் தேய்த்துக்கொண்டே திரையில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாக்கு நுனியில் ஏணி நின்றது. கை தானாகக் கண்ட்ரோலர் பக்கம் போயிற்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வாரக்கணக்காக அவன் இப்படித்தான் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்று அப்போது தோன்றியது.

"சொல்லிடேன்" என்றான் அவன்.

"மாட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். ஏணியின் மேல்படியில் போய் நின்றான். சும்மா, கோபத்தில், ஒரு குதி குதித்தான். ஏணி லேசாக ஆடியது. அவன் கை நின்றது. திரையையே பார்த்தான். பிறகு இன்னொரு குதி, இன்னொன்று. ஏணி சாய்ந்து அக்கரையில் விழுந்தது.

அவன் கத்தவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. மெல்ல மெல்ல அது இறங்கிப்போனதையும் பார்த்தாள்.

"அன்னைக்கு" என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே. "இதையா நான் உன்கிட்டருந்து எடுத்துட்டேன்?"

"ம்" என்றாள் அவள்.

வாளிக் கதவுக்கு இன்னும் நிறைய அறைகள் இருந்தன. அவள் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்காமல், "போ, அடுத்த அறைக்குப் போ" என்றாள்.