மாதம் ஆயிரம் நஷ்டம்

சமையல்கார அம்மாள் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியை எட்டிப் பார்த்தார். அப்பா கூப்பிட்டு வந்திருந்தவர் அவர். வாசற்படியில் நின்ற பாப்பா அவர் முகத்தையே பார்த்தாள். அந்த அம்மாள் சொல்லப்போகும் தொகையில்தான் அவள் படிப்பு இருந்தது.

"மொத்தம் எத்தனை பேரு?"

"நாலு பேர்தான். நான், பையன், பொண்ணு, என் சம்சாரம்" என்றார் அப்பா. "சம்சாரத்துக்கு மட்டும் தனிச் சாப்பாடு. உப்பு, எண்ணெய் ஆகாது. குழைய மசிக்கணும். பக்கவாதம்."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்."

"பதினோராயிரம் ஆகும்யா. ஞாயித்துக்கிழமை லீவு."

"பதினொண்ணா?" என்றார் அப்பா.

"நோயாளி சாப்பாடு இருக்கே. இதுவரைக்கும் யாரு சமைச்சாங்க?"

"எம் பொண்ணுதான்."

அந்த அம்மாள் பாப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது. அம்மா படுக்கையில் விழுந்தபோது பதின்மூன்று. அன்று பிடித்த கரண்டி. சமையற்கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு யாரிடமும் சொல்லாமல் போனாள். எதிரே ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் வைத்தார்கள். அவள் நறுக்கி முடித்ததும் தேர்வாளர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கே வேலை பாத்தே?" என்றார். "வீட்டுல சார்" என்றாள். மறுவாரம் கடிதம் வந்தது. மூன்று வருடப் பட்டப்படிப்பு, கட்டணத்தில் பாதி தள்ளுபடி. படித்து முடித்தால் ஆஸ்பத்திரிச் சமையலறையில், நோயாளிகளின் உணவுப் பிரிவில் சேரலாம். அதுதான் அவள் ஆசை.

அப்பா கிடங்கில் கணக்கெழுதுபவர். கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று மாலை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்.

"பாதி போக ஃபீஸ் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். சமையலுக்கு ஆள் வெச்சா மூணு வருஷத்துக்கு மூணு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரம். ஆக மொத்தம் ஆறு லட்சத்துச் சொச்சம். முடிச்சதும் என்ன சம்பளம்னு போட்டிருக்கான்?"

"ஆரம்பத்துல பன்னண்டாயிரம்ப்பா. அப்புறம் ஏறும்."

"பஸ்ஸுக்கு ரெண்டாயிரம் போயிடும். மிச்சம் பத்து. நீ வேலைக்குப் போனா வீட்டுல அப்பவும் ஆள் வேணும். அவளுக்குப் பதினொண்ணு." கூட்டல் தப்பாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசையில் அவர் மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். தப்பில்லை. "மாசம் ஆயிரம் நஷ்டம் வருதேம்மா."

கட்டிலில் கால் நீட்டியிருந்த அண்ணன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தான். "சமைக்கத்தான் தெரியுமே உனக்கு. தெரிஞ்சதுக்கு எதுக்கு டிகிரி?"

தெருவில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். பட்டம் வாங்கி இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறான். அவனைக் கல்லூரியில் சேர்க்க அம்மாவின் நகைகள் போயின. அன்றைக்கு யாரும் நாட்காட்டித் தாளைக் கிழிக்கவில்லை. நாளைக்கு என்ன சம்பளம் வரும் என்று கேட்கவுமில்லை.

"அப்பா, ஆறு வருஷமா நான் சமைக்கிறேன். மாசம் பதினோராயிரம்னு அதையும் கூட்டிப் பாருங்களேன்" என்றாள் பாப்பா.

அப்பாவின் பேனா தாளருகே போய் நின்றது. மனக்கணக்கில் அவர் புலி. ஏழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் என்பது அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அது வீட்டு வேலைம்மா" என்றார் மெல்ல. "அதை எப்படி வரவுல கொண்டுவர்றது?"

"ஆனா செலவுல கொண்டுவந்துட்டீங்களேப்பா."

அவர் பேனாவை மூடினார். உள்ளறையிலிருந்து அம்மா குழறிய குரலில் ஏதோ சொன்னாள். "கொடுங்க" என்பது போலவும் இருந்தது, "விடுங்க" என்பது போலவும் இருந்தது. எழுந்துபோய்க் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றும் மூன்று வேளை சமையல் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பா எழுந்து, குளித்து, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, இன்னும் அடுப்புப் பத்த வெக்கலையா?" என்றான் அண்ணன்.

"இன்னைக்கு லீவு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கடையில ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்றார். பர்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டே வாசலில் நின்றார்.

மணி ஒன்பதரை ஆயிற்று. அம்மா சாப்பிட்டு மாத்திரை போடும் நேரம் தாண்டிவிட்டது. உப்பில்லாமல் மசித்தது எந்தக் கடையிலும் கிடைக்காது. பாப்பா உள்ளே போனாள்.

"எனக்கு... பசிக்கலம்மா" என்றாள் அம்மா, ஒவ்வொரு சொல்லாக. "நீ... போய் உக்காரு." அசையும் ஒரே கையால் மகளின் முழங்கையை வெளியே தள்ளினாள். முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டவள்.

பாப்பா அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மாவின் சாப்பாட்டுக்கு மட்டும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள்.

அடுப்புச் சத்தம் வாசலுக்குக் கேட்டது. அப்பா திரும்பி வந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. பர்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதானே பாத்தேன். எங்க பாப்பாவுக்குக் கை சும்மா இருக்காதே! அப்படியே எங்களுக்கும் சேத்து வெச்சுடும்மா. கடைச் செலவு மிச்சம்."

கிண்ணத்து நீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. பாப்பா கிண்ணத்தை இறக்கிவைத்துவிட்டு, பெரிய பாத்திரத்தை எடுத்தாள்.